தீவுப் பதிப்பு

மூன்றாவது பாட்டின் நீளமான வரியில் தன் குரல் வர வேண்டிய இடத்துக்காகச் சின்னவள் காத்திருந்தாள். குரல் வரவில்லை. காதில் செருகியிருந்த இயர்போனை விரலால் அழுத்திக்கொண்டு, பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டாள். அண்ணியின் குரல் வரியின் நடுவரைக்கும் ஏறி வந்தது. வழக்கமாகத் தளரும் இடத்தில் தளராமல், மெழுகிய தரையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல அடுத்த சொல்லுக்குள் போய் விழுந்தது. அங்கே இருந்திருக்க வேண்டியவள் இல்லை. அவள் முன்னால் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தில் யாரோ ஒருவருடைய இடது கண் லென்ஸ் தண்ணீர் வழிய வழியத் தேய்ந்துகொண்டிருந்தது. நினைவு வந்து இயந்திரத்தை நிறுத்தியபோது அது எந்த ஃப்ரேமுக்குள்ளும் நிற்காத அளவுக்குச் சிறுத்துவிட்டிருந்தது.

“போச்சா?” என்றார் கண்ணாடிக் கடை முதலாளி, முன்னறையிலிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். “வருஷத்துக்கு ஒண்ணு உடைப்ப. இந்த வருஷக் கோட்டா முடிஞ்சுது.”

“உடைக்கல. தேஞ்சு போச்சு.”

“ரெண்டும் குப்பைக்குத்தான் போகும்.”

மற்ற நாளாக இருந்தால் அவளும் ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக அதே வரியைக் கேட்டாள். பிறகு நான்காம் பாட்டு, ஆறாம் பாட்டு. எங்கெல்லாம் அண்ணிக்கு மூச்சு முடியும் என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டுப் படிகளில் எது ஆடும் என்று தெரிவதுபோலத் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் அவளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டிய தழும்புகூட இல்லாமல் மெருகு போட்டிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் பாடிய காலத்தில் கேசட் அட்டைகளில் ‘பெரியவளும் சின்னவளும்’ என்றுதான் போடுவார்கள். பெரியவள் அண்ணி, மேல் சுரத்தில் பாடுவாள்; சின்னவள் நாத்தனார், கீழ்ச் சுரத்தில் துணைக்குரல். மெட்டுப் போட்டு கீபோர்டு வாசித்தது அண்ணன். யாரும் எழுந்து ஆடக்கூடிய பாட்டுகள் இல்லை அவை. பல் டாக்டரின் வரவேற்பறையிலும், தூரத்துப் பேருந்துகளில் விளக்கை அணைத்த பிறகும் ஓடுகிற மாதிரியானவை. இந்த ஊரில் எடுபட்டது தவறிப்போய்ப் பாடிய ஒரே ஒரு துள்ளல் பாட்டுதான். மற்றதெல்லாம் கடையிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்தன. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், தீவுகளில், யாரும் எதிர்பாராமல் அந்த மெதுப் பாட்டுகள் பிடித்துக்கொண்டன. அங்கே வானொலியில் மாலையில் கடல் எப்படியிருக்கும் என்று சொல்லி முடித்ததும் இவற்றில் ஒன்றைப் போடுவார்களாம். அண்ணியும் நாத்தனாரும் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. இப்போது கம்பெனிக்காரர்கள் தீவுகளுக்கென்றே அந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, பழைய டேப்புகளைத் தூசு தட்டி, ஒரு தொகுப்பு கொண்டு வருகிறார்கள். இந்த ஊரில் விற்கக்கூடப் போவதில்லை. இவள் காதில் ஓடியது அதற்காக அனுப்பிய மாதிரிப் பிரதிதான். பெயர் ‘ஒரே மூச்சு’. கீழே சின்ன எழுத்தில், தீவுப் பதிப்பு.

அட்டைப் படத்தை அனுப்பியபோது அவள் சிரித்தாள் என்பதுதான் உண்மை. அண்ணியின் முகம் முழு நிலவாக இருந்தது. ஓரத்தில் சின்னவளுடைய ஒரு காதும் கம்மலும். பழைய படத்தை வெட்டியிருந்தார்கள். போகட்டும், முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று விட்டுவிட்டாள். முகம் அவளுடைய வேலை அல்ல. வேலை அந்த வரிகளில் இருந்தது.

முதல் ஒலிப்பதிவு நாள் அவளுக்கு இன்னமும் அப்படியே நினைவிருக்கிறது. அண்ணி ஆறு மாதக் கர்ப்பம். நீள வரி வரும்போதெல்லாம் பாதியில் அறுந்தது. மூச்சு எடுக்கிற சத்தம், நாற்காலியை இழுப்பதுபோல மைக்கில் கேட்டது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அண்ணி கழிப்பறைக்குப் போன இடைவெளியில் அண்ணன் இவள் பக்கத்தில் வந்து நின்றான். “அவ விடுற இடத்துல நீ பிடிச்சுக்கோ. அவ சுரத்துலயே, அவ குரல் மாதிரியே. அவ திரும்ப வந்ததும் கீழ இறங்கிடு. அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா.” அடுத்த முறை வரி அறவில்லை. அண்ணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “வந்துடுச்சு பாத்தீங்களா!” என்று குழந்தைபோலக் கை தட்டினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றவளிடம் அன்றைக்கு யார்தான் சொல்வார்கள்?

அன்றைக்குச் சொல்லாதது பிறகு எந்த நாளிலும் சொல்ல முடியாததாகிவிட்டது. அண்ணியின் நீள மூச்சு பேசப்பட ஆரம்பித்தது. பேட்டிகளில் கேட்டார்கள். “மூச்சைத் திருடணும்,” என்பாள் அண்ணி, கண்ணை இடுக்கிக்கொண்டு. “கண் இமைக்கிற நேரத்துல எடுத்துடணும். கேக்கறவங்களுக்குத் தெரியவே கூடாது.” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னவள் தலையாட்டுவாள். திருட்டு நடக்கும்போது வாசலில் நின்றவள் அவள் என்பது அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது, திருடியவளுக்கும் தெரியாது. வருடங்கள் போகப் போக அண்ணியின் திருட்டு சோம்பலும் ஆனது. கண் இமைக்கிற நேரம் போய், கொட்டாவி விடுகிற நேரமாயிற்று. இவளும் அதற்கேற்ப நீண்டாள்.

ஒரே ஒருமுறை, படகோட்டி ஒருவர் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்திருந்தார். தீவுக்காரர். ஃப்ரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தபடி தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்றாம் பாட்டுதான். நீள வரியின் நடுவில் வந்ததும் அவர் குரலைச் சட்டென்று மெலிதாக்கினார். பிறகு மறுபடி பழைய குரலுக்கு வந்தார். அவருடைய கண்மணிகளின் தூரத்தை அளந்துகொண்டிருந்த இவள் அளவுகோலைக் கீழே இறக்கினாள். “ஏங்க அந்த இடத்துல குரலை மாத்துறீங்க?” என்று கேட்டாள். “அது அப்படித்தானேம்மா,” என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. “அங்க இன்னொருத்தி வருவால்ல.” அளவை எழுதிக்கொண்டாள். அன்று முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்தாள்; பேசினால் அது குறைந்துவிடும்போல இருந்தது.

அந்த மனிதர்களுக்கா இப்படி ஒரு பதிப்பு? இந்த உலகத்தில் அவளைக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களுக்கென்றே செய்து, அவர்களுக்குப் போய்ச் சேருவதில் மட்டும் அவள் இருக்க மாட்டாள். அவள் இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

“அரை நாள் லீவு,” என்றாள் முதலாளியிடம்.

“அந்த இடது கண்?”

“நாளைக்கு வந்து ரெண்டு கண்ணும் போட்டுத் தரேன். அதுவரைக்கும் அவர் ஒரு கண்ணால பாக்கட்டும்.”

இந்தத் தொகுப்புக்காகப் பழைய டேப்புகளைச் சரிசெய்த ஒலிப்பதிவாளரை அந்தத் தொழிலில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். டேப்பை நிஜமாகவே கத்தரித்து ஒட்டிய காலத்தில் தொழில் கற்றவர். இப்போது மவுஸ் பிடித்தாலும் பெயர் மாறவில்லை. முன்தலை முழுக்க வழுக்கை, பின்னால் ஒரு குடுமி. சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய அறையில் சுழல்நாற்காலியோடு திரும்பி, முகமெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“வாங்கக்கா. கேட்டீங்களா? எப்படி மின்னுது பாத்தீங்களா? நேத்து பாடின மாதிரி இல்ல?”

“மூணாவது பாட்டு போடுங்க.”

போட்டார். அவள் கை காட்டிய இடத்தில் நிறுத்தினார்.

“இங்க நான் எங்க?”

கத்திரி திரையில் பழைய பதிவைத் திறந்தார். இரண்டு பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. “ஓ, இதுவா! இந்த இடத்துல செகண்ட் வாய்ஸ் தப்பிப் போய் மெயின் சுரத்துல நிக்குதுக்கா. மத்த இடமெல்லாம் நீங்க கீழ அழகா போறீங்க. இந்த மாதிரி சில இடத்துல மட்டும் மேல ஏறிடுறீங்க. அப்ப திரும்ப எடுக்க நேரம் இருந்திருக்காதுன்னு நினைச்சேன். எல்லாத்தையும் தேடிப் பிடிச்சுத் தொடைச்சுட்டேன்.”

“நான் தப்பாப் பாடினேன்னு தொடைச்சீங்க.”

“உங்க நல்லதுக்குத்தான்க்கா. யாராவது கவனிச்சா உங்களுக்குத்தானே அசிங்கம்?”

அவள் சற்று நேரம் அந்தத் திரையையே பார்த்தாள். கீழ்ப்பட்டையில் அவளுடைய குரல் மேடும் பள்ளமுமாக இருந்தது. புதியதில் அதே இடம் ஒரு கோடு. செத்தவர்களின் நாடியைக் காட்டும் கோடு மாதிரி.

“பழசுல அண்ணி குரலை மட்டும் போடுங்க. என்னை அணைச்சுட்டு.”

கத்திரி தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டார். அண்ணியின் குரல் ஏறியது, மெலிந்தது, நின்றது. அறை முழுக்க ஒரு பெண் தரையைப் பெருக்க ஆரம்பிப்பதுபோன்ற மூச்சு. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த சொல். கத்திரி மறுபடி போட்டார். நான்காம் பாட்டைப் போட்டார். ஆறாம் பாட்டைப் போட்டார். அவருடைய கை தானாக வழுக்கைக்குப் போயிற்று.

“ஐயையோ,” என்றார், மெதுவாக.

“அந்த ஓட்டையை எதை வச்சு அடைச்சீங்க?”

“அவங்க ‘ஆ’வையே கொஞ்சம் வெட்டி, இழுத்து ஒட்டினேன்… ஓட்டை எப்படி வந்துச்சுன்னு யோசிக்கல. டேப் பழசு, அங்கங்க போயிருக்கும்னு…”

“எல்லாப் பாட்டுலயும் அண்ணி மூச்சு முடியுற இடமாப் பாத்து டேப் போயிருக்குமா?”

கத்திரி நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தபடி சொன்னார்: “திரும்ப வைக்கிறது பெரிய வேலை இல்லக்கா. பழசு அப்படியே இருக்கு. ஆனா மெயின் வாய்ஸ் யாரோ அவங்க சரின்னு சொன்னதைத்தான் கம்பெனி எடுத்துக்கும். உங்க அண்ணி கேட்டுட்டு ஓகே சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில அனுப்பணும். அவங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திடுறேன்.”

“அண்ணி இதைக் கேட்டாங்களா?”

“ரெண்டு தடவை கேட்டாங்களாம். போன்ல அழுதாங்க, சந்தோஷத்துல.”

வெளியே வெயிலில் வந்து நின்றபிறகும் அந்த ‘ரெண்டு தடவை’ அவளோடு வந்தது. கத்திரியின் மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்த அறையிலேயே தீர்ந்துவிட்டது. தெரியாமல் செய்தது. ஆனால் இரண்டு தடவை! ஒருத்தி உன் மூச்சை இத்தனை வருடம் தாங்கியிருக்கிறாள், ஒருநாள் அவளைக் காணோம், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த பூனை போனால்கூடத் தேடுவார்களே. வேண்டுமென்று செய்திருந்தாலாவது தேவலை என்று பேருந்தில் உட்கார்ந்தபடி நினைத்தாள். பொறாமைப்பட்டு, திட்டம் போட்டு, “நாத்தனார் குரலை எடு” என்று அண்ணி சொல்லியிருந்தால் அதில் இவள் இருந்தாள் என்ற ஒப்புதலாவது இருந்திருக்கும். இது அதுகூட இல்லை.

அண்ணன் கூடத்தில் கால்களை முக்காலிமேல் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். “வா” என்று கையைத் தூக்கினான், கண் திரும்பவில்லை. அண்ணி சமையலறையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் பொய் எதுவும் இல்லை என்பது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“வாடி, உன்னையேதான் நினைச்சேன். அட்டை பாத்தியா? உன் கம்மல் என்ன அழகா விழுந்திருக்கு!”

“பாட்டு கேட்டீங்களா அண்ணி?”

“ரெண்டு தடவை. என்ன சுத்தம்! அப்ப நமக்கு என்ன மூச்சுடி!”

“நமக்கா?”

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் குரலில் ஏதோ இருப்பது அப்போதுதான் தெரிந்தது. “ஏன், நீ கீழ இருக்கியே. நல்லா கேக்குதே.”

“கீழ இருக்கேன். நீங்க மூச்சு எடுக்குற இடத்துல இல்ல.”

“நான் மூச்சு எடுக்குற இடம் யாருக்குடி தெரியும்?” அண்ணி சிரித்தாள். பேட்டிகளில் சிரிக்கும் சிரிப்பு.

“எனக்குத் தெரியும். அந்த இடத்துல எல்லாம் பாடினது நான். முதல் பாட்டுலேர்ந்து. நீங்க விடுவீங்க, நான் பிடிப்பேன். அண்ணன்தான் சொன்னான். உங்ககிட்ட சொல்லாதன்னும் அவன்தான் சொன்னான். பயந்துடுவீங்கன்னு.”

கையில் இருந்த பீன்ஸ் பாதி உரித்தபடி நின்றது. கூடத்தில் யாரோ நான்கு ரன் அடித்தார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணி நாரை இழுத்துக் கிண்ணத்துக்கு வெளியே போட்டுவிட்டு, காயையும் வெளியே போட்டாள்.

“நான் பயப்படுவேனா?” என்றாள்.

“அண்ணி…”

“என் மூச்சு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை பேருக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்குறேன். நீ பிடிச்சியாம், நான் விட்டேனாம். பாட்டு என்ன குழாயடிக் குடமா?” அவளுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. “இப்பவே பாடுறேன், கேளு.”

அடுப்பு மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பாடினாள். குரல் இன்னும் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வரி ஏறியது. நடுவில் வந்தது. மெலிந்தது. அறுந்தது. அண்ணி மூச்சை எடுத்தாள். அந்த இடைவெளியில் சமையலறைக் குழாய் சொட்டுவது தெளிவாகக் கேட்டது. பிறகு அடுத்த சொல்.

அண்ணி மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“வயசாயிடுச்சுல்ல,” என்றாள். “அப்ப மாதிரி இப்ப வருமா?”

சின்னவளுக்குத் தலைக்குள் ஏதோ ஏறிற்று. இதற்கு என்ன பதில் இருக்கிறது? கர்ப்பத்தில் அறுந்தது, இளமையில் அறுந்தது, புகழின் உச்சியில் கொட்டாவியாக அறுந்தது; எல்லாவற்றையும் இந்த ஒரு வார்த்தை போர்த்தி மூடிவிட்டது. வயதிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது? இனி அண்ணியை எத்தனை முறை பாடச் சொன்னாலும் எதையும் நிரூபிக்க முடியாது. சாட்சி அந்தப் பதிவு மட்டும்தான். அதையும் நாளைக் காலையில் துடைத்த மேனிக்குக் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள். படகோட்டிகள் அதைக் கேட்பார்கள். அந்த இடம் வரும்போது குரலை மெலிதாக்க வாய் திறப்பார்கள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் நேராகவே பாடிப் பழகிவிடுவார்கள்.

“கத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றாள். “பழசை அப்படியே வைக்கச் சொல்லுங்க. வேற எதுவும் கேக்கல.”

“எதுக்கு? நான் பாடலன்னு நானே சொல்றதுக்கா?”

“நான் பாடினேன்னு சொல்றதுக்கு.”

அண்ணி பீன்ஸைக் கையில் எடுத்தாள், வைத்தாள். அவளுடைய முகத்தில் முதல்முறையாகக் கோபம் இல்லாத ஏதோ ஒன்று வந்துபோனதைச் சின்னவள் பார்த்தாள். யோசனையா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை அண்ணன் அன்றைக்குச் சொன்ன பயம், இவ்வளவு தாமதமாக இப்போதுதான் வந்து சேருகிறதோ என்னவோ. ஆனால் இரக்கப்பட அவளுக்கு நேரமில்லை. அன்று இரக்கப்பட்டுத்தான் இன்று இங்கே வந்து நின்றிருக்கிறாள்.

“இன்னொரு தடவ பாடுங்க,” என்றாள்.

“முடியலன்னுதான் சொல்றேனே.”

“பாடுங்க அண்ணி.”

இவளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்பதுபோல அண்ணி ஆரம்பித்தாள். இம்முறை மெதுவாக, மேடையில் கையை ஊன்றாமல். வரி ஏறியது. நடுவில் வந்தது. மெலிந்தது. அறுவதற்கு ஒரு மயிரிழை முன்னால், கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடி, சின்னவள் உள்ளே போனாள். அதே சுரம், அண்ணியின் நிறம். குரலுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழைய இடமில்லை. அண்ணியின் வாய் மூடியிருந்தது. வரி நிற்கவில்லை. சுவரில் மோதி, பாத்திரங்களில் மோதி, ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி தன் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தாள். தொண்டை அதிரவில்லை.

கூடத்தில் டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

“அடேயப்பா!” என்றான் அண்ணன், அங்கிருந்தே, தன் மனைவியிடம். “இன்னும் அதே மூச்சுடி உனக்கு!”

அண்ணியின் கண்கள் கூடத்துப் பக்கம் போயின. திரும்பி வந்து நாத்தனாரின் வாயில் நின்றன. இந்த இடத்தில் அண்ணி பாட்டுக்குத் திரும்ப வர வேண்டும். அடுத்த சொல் அவளுடையது. சின்னவள் விடவில்லை. நெஞ்சு காய்ந்து, விலா எலும்புகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. கண்ணில் நீர் திரையிட்டது. அந்த ‘ஆ’வை நூல்போல இழுத்துக்கொண்டே நின்றாள். எதிரே அண்ணியின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. ஆனால் இன்னும் மூச்சு எடுக்கவில்லை.